முத்துச் சல்லடையும் மூலை வார்ப்பும்: கணினி வரைவில் தர உறுப்பு நூலகங்கள்

தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் ஏற்றி இறக்கப்படும் ஒவ்வொரு கன்டெய்னரின் எட்டு மூலைகளிலும் ஓர் எஃகு வார்ப்பு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மூலை வார்ப்பு எனப்படும் அந்த உறுப்பு 178 மி.மீ. நீளமும் 162 மி.மீ. அகலமும் 118 மி.மீ. உயரமும் உடையது, கன்டெய்னரின் மேல்மூலைகளில் உள்ள வார்ப்புகளின் மேல்முகத்தில் 124 மி.மீ. நீளமும் 63.5 மி.மீ. அகலமும் கொண்ட நீள்துளை இருக்கிறது. கிரேனிலிருந்து இறங்கும் ஸ்பிரெடர் என்னும் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள ட்விஸ்ட்லாக்குகள், அதாவது திருகிப் பூட்டும் முனைகள், அந்தத் துளைகளுக்குள் நுழைந்து 90 பாகை திரும்பிக்கொண்டால் பெட்டி மேலெழும்புகிறது. பெட்டியைச் செய்த ஆலை ஒரு நாட்டிலும் கிரேனைச் செய்த ஆலை வேறொரு நாட்டிலும் இருக்கலாம். இரண்டு ஆலைகளின் வடிவமைப்பாளர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே இருப்பார்கள். ஆயினும் இருவரும் ஐஎஸ்ஓ 1161 என்னும் ஒரே தரத்திலிருந்து ஒரே உறுப்பை எடுத்துத் தத்தம் வரைவில் வைத்ததனால், கடற்காற்றில் ஆடும் ஸ்பிரெடர் எந்தப் பெட்டியின்மீது இறங்கினாலும் பூட்டு பொருந்திவிடுகிறது.

இதில் மறைந்திருக்கும் ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. இருபதடிக் கன்டெய்னர் என்று சொல்லப்படுவதன் நீளம் உண்மையில் இருபதடி அன்று; இருபதடி என்பது 6096 மி.மீ., பெட்டியின் நீளமோ 6058 மி.மீ. நாற்பதடிப் பெட்டிக்குரிய 12,192 மி.மீ. இடத்தில் இரண்டு இருபதடிப் பெட்டிகளை வைக்கும்போது நடுவே 76 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொன்றிலும் 38 மி.மீ. குறைக்கப்பட்டது. பெட்டியின் துளை மையங்களுக்கு இடையே நீளவாக்கில் 5853 மி.மீ., அகலவாக்கில் 2259 மி.மீ. இருக்க வேண்டும். எட்டு மூலைகள் இருந்தாலும் வார்ப்பின் வகைகள் நான்குதான். மேலுக்கு இடமும் வலமும், கீழுக்கு இடமும் வலமும் என அமையும் இவற்றில், மூலைவிட்டமாக எதிரெதிரே வருபவை ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஒரு கன்டெய்னரைக் கணினியில் வரைபவர் எட்டு வார்ப்புகளை வரைய வேண்டியதில்லை. ஒன்றைக்கூட வரைய வேண்டியதில்லை. யாரோ ஒருவர் ஒருமுறை சரியாக வரைந்து, சரிபார்த்து, பெயரிட்டு, பொதுவில் வைத்த நான்கை எடுத்து உரிய இடத்தில் பொருத்தினால் போதும். அவ்வாறு பொதுவில் வைக்கப்பட்ட உறுப்புகளின் தொகுதியே தர உறுப்பு நூலகம்; வரைவகங்களில் அதைப் பொதுவாக லைப்ரரி என்றே சொல்கிறார்கள்.

கணினிவழி வடிவமைப்பில் ஓர் இயந்திரம் முழுதாக ஒரே படமாக வரையப்படுவதில்லை. ஒவ்வோர் உறுப்பும் தனிக் கோப்பாக முப்பரிமாணத்தில் உருவாக்கப்பட்டு, பின்னர் அவையெல்லாம் அசெம்பிளி எனப்படும் கூட்டமைப்பில் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. துறைமுகத்தின் நிலக்கரித் தளங்களிலிருந்து தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரியைக் கொண்டுசெல்லும் கன்வேயர் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் புதிதாகச் சிந்தித்து வடிவமைக்க வேண்டியவை சிலவே. உருளைகள், பேரிங்குகள், போல்ட்டுகள், நட்டுகள், வாஷர்கள் என எஞ்சியவை அனைத்தும் ஏற்கெனவே உலகில் அளவு வரையறுக்கப்பட்டவை. இவற்றை ஒவ்வொரு வரைவாளரும் தம் மேசையில் தாமாகவே வரைந்துகொண்டால், ஒரே போல்ட்டு பத்துப் பெயர்களில் பத்துக் கோப்புகளாக நிறையும். கிடங்கில் பத்துத் தனி எண்களாக மாறும். கொள்முதல் செய்பவர் பத்து முறை வாங்குவார். வீணாவது வரைவாளரின் நேரம் மட்டும் என்று கருதுவது இந்தச் சிக்கலை மிகவும் குறைத்து மதிப்பிடுவதாகும்.

ஒரு மூலப்படத்தை வைத்துக்கொண்டு அதன் படிகளைத் தேவையான இடங்களிலெல்லாம் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் கணினி வரைவின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து 1963இல் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில், மூலப்படத்தைத் திருத்தினால் அதன் படிகள் அனைத்தும் தாமாகவே திருந்தின. இன்றைய எல்லா உறுப்பு நூலகங்களும் இந்த ஒரே கருத்தின்மீது நிற்கின்றன. இந்த ஆற்றலின் மறுபக்கத்தையும் சேர்த்தே அறிய வேண்டும்: மூலத்தில் நேரும் ஒரு பிழையும் அதே வேகத்தில் ஆயிரம் இடங்களுக்குச் சென்றுசேரும். எனவே நூலகம் என்பது படங்களைச் சேர்த்துவைக்கும் இடம் என்பதைவிட, பெயரையும் பண்பையும் திருத்தும் உரிமையையும் ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு என்று கொள்வதே பொருத்தமாகும்.

அத்தகைய ஒழுங்கு தூத்துக்குடிக் கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்புகள், முத்துகளை அளவுவாரியாகப் பிரிக்க வணிகர்கள் பத்துப் பித்தளைச் சல்லடைகளைக் கையாண்டதை விவரிக்கின்றன. பெட்டி என்று வழங்கிய அந்தச் சல்லடைகள் வெளியளவில் ஒத்தவை. துளைகளின் எண்ணிக்கையில் மட்டும் வேறுபட்டவை. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்னும் எண்களே அவற்றின் பெயர்கள். துளைகள் கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறிதாகும். ஆதலால் இருபதாம் எண் சல்லடையில் தங்கும் முத்து பெரியது, ஆயிரத்தில் தங்குவது மிகச் சிறியது. அளவு பிரித்து முடிந்த பிறகுதான் உருண்டையையும் ஒளியையும் கண்ணால் பார்த்து ஆணி, கையேறல், குறுவல், வடிவு, தூள் முதலிய தரங்களாக வகுத்தார்கள்; அதன்பின் நிறுத்து விலை மதித்தார்கள். அளவு ஒரு பண்பு, வடிவம் ஒரு பண்பு, ஒளி ஒரு பண்பு, எடை ஒரு பண்பு. இவற்றுள் ஒன்றை மற்றொன்றோடு குழப்பாமல், ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவியும் தனிச் சொல்லும் வைத்துக்கொண்டதே அந்த முறையின் வலிமை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட நகைகளில் பதித்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி என வகைபிரித்து, எண்ணிக்கையையும் எடையையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி அளவில் பதிவு செய்திருப்பதைக் காணலாம். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. நகையைப் படமாக வரைந்து காட்டாமலே, வகையும் பண்பும் எண்ணும் சொல்லி அதை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காட்ட முடியும் என்பதற்கு அந்தக் கற்கள் சான்று. இன்றைய பொறியியல் உலகில் உறுப்பு நூலகங்களுக்காக வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 13584 என்னும் பன்னாட்டுத் தரமும் இதையே வேறு மொழியில் கேட்கிறது: ஒவ்வோர் உறுப்பும் ஒரு வகையைச் சேர்ந்திருக்க வேண்டும்; அந்த வகைக்குரிய பண்புகள் எவை, ஒவ்வொரு பண்பும் எந்த அலகில் அளக்கப்படுகிறது என்பன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும்; படம் அதற்குப் பிறகுதான்.

வகையும் பண்பும் தெளிவாக இருந்தால், ஒரே ஒரு முப்பரிமாண வடிவத்திலிருந்து நூற்றுக்கணக்கான உறுப்புகளை வருவிக்கலாம். இதற்கு அளவுரு முறை என்று பெயர். வடிவத்தின் விட்டம், நீளம், உயரம் போன்றவை எண்களாக அல்லாமல் பெயர்களாக வைக்கப்பட்டு, அந்தப் பெயர்களுக்குரிய மதிப்புகள் ஓர் அட்டவணையில் வரிசையாக எழுதப்படும். அட்டவணையின் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரிக்குரிய உறுப்பு திரையில் உருவாகும். பேரிங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 6205 என்ற எண்ணைக் கடைக்காரரிடம் சொன்னால் அவர் அளவு கேட்பதில்லை. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. என்பதும், 62 என்னும் வரிசைக்கு வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. 6305 என்றாலும் உள்விட்டம் அதே 25 மி.மீ. தான், ஆனால் வெளிவிட்டம் 62 மி.மீ., அகலம் 17 மி.மீ. ஆகிவிடும். பெயர் ஒழுங்காக அமைந்தால் பாதி நூலகம் அமைந்துவிட்டது என்று பழகிய வரைவாளர்கள் கருதுவது இதனால்தான்.

பெயர் ஒழுங்காக அமையாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு எம்12 போல்ட்டைவிடச் சிறந்த பாடம் இல்லை. எம்12 என்பது 12 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் மரையைக் குறிக்கும். இயல்பான மரையிடைவெளி 1.75 மி.மீ. அறுகோணத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம், அதாவது ஸ்பேனர் பிடிக்கும் அளவு எவ்வளவு என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. பழைய ஜெர்மானியத் தரமான டிஐஎன் 931இன்படி அது 19 மி.மீ.; பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 4014இன்படி 18 மி.மீ. எம்10க்கு 17, 16 என்றும், எம்14க்கு 22, 21 என்றும் இதே வேறுபாடு தொடர்கிறது. எம்16இல் இரண்டும் 24 மி.மீ. என ஒத்துப்போகின்றன, எம்22இல் பழையது 32, புதியது 34 எனத் தலைகீழாகிறது. ஒரு தகட்டில் போல்ட்டின் தலை சுழலாமல் பிடித்துக்கொள்ளும்படி 18 மி.மீ. தலைக்கு அளந்து பள்ளம் குடைந்துவிட்டு, கடையில் கிடைத்த 19 மி.மீ. தலையுள்ள போல்ட்டைக் கொண்டுவந்தால் அது உள்ளே இறங்காது. மரை பொருந்தும், நட்டு பொருந்தும், நீளமும் பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் வேலையை நிறுத்திவிடும். ‘எம்12 போல்ட்’ என்று மட்டும் பெயரிட்ட கோப்பு நூலகத்தில் இருக்கவே கூடாது. எந்தத் தரத்தின்படி அது வரையப்பட்டது, அந்தத் தரத்தின் எந்த ஆண்டுப் பதிப்பு என்பவை பெயரிலோ பண்புகளிலோ கட்டாயம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு பண்பு இதற்குச் சமமான கவனத்தைக் கோருகிறது. உப்பளங்களும் உப்புக்காற்றும் நிறைந்த தூத்துக்குடியில் இரும்பு அரிக்கப்படும் வேகத்தை அங்குள்ள எந்தப் பட்டறைக்காரருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடிக்காத எஃகால் செய்த போல்ட்டுகளில் ஏ2, ஏ4 என இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஏ4இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பிலுள்ள குளோரைடின் தாக்குதலை அது கூடுதலாகத் தாங்குகிறது. கணினித் திரையில் இரண்டும் ஒன்றே. நீளம், விட்டம், தலை எதிலும் மயிரிழை வேறுபாடு இல்லை. துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த போல்ட்டின் நிலையும் அதுவே. படத்தில் தெரியாத அந்தப் பூச்சு மரையின்மீது படிந்து தடிமனைக் கூட்டுவதால், அதற்குரிய நட்டின் மரையைச் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கிறது. சாதாரண நட்டை எடுத்து வைத்தால் திரையில் அழகாகப் பொருந்தும், கையில் ஏறாது. வடிவத்தை மட்டும் சேமித்துப் பொருளையும் பூச்சையும் சேமிக்காத நூலகம், அளவு தெரிந்து ஒளி தெரியாமல் முத்து வாங்குவதற்கு ஒப்பானது.

இத்தனையும் சேர்த்துவைத்த பிறகு, அவற்றை யார் திருத்தலாம் என்ற கேள்வி எழுகிறது. இதில் அனுபவம் கற்றுத்தந்த விதிகள் கடுமையானவை. நூலகக் கோப்புகளை எல்லோரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். எழுதும் உரிமை ஒருவரிடமோ ஒரு சிறு குழுவிடமோ மட்டும் இருக்க வேண்டும். புதிய உறுப்பு வேண்டுபவர் விண்ணப்பிக்க வேண்டும்; பொறுப்பாளர் அதே உறுப்பு வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். ஒரு முறை வழங்கிய எண்ணை வேறோர் உறுப்புக்கு மீண்டும் வழங்கக் கூடாது. பயன்பாட்டிலிருந்து நீங்கிய உறுப்பை அழித்துவிடக் கூடாது. அதைப் புதிய வரைவுகளில் எடுக்க முடியாதபடி மூடிவைக்கலாமே தவிர, பத்தாண்டுகளுக்கு முன் வரைந்த கிரேனின் கோப்பைத் திறக்கும்போது அது அங்கே இருந்தாக வேண்டும். உறுப்பின் ஆதிப்புள்ளியை, அதாவது அதன் அளவுகள் தொடங்கும் இடத்தை, அசைக்கவே கூடாது. போல்ட்டின் தலைக்கடியில் இருந்த அந்தப் புள்ளியை யாரேனும் முனைக்கு மாற்றினால், அந்தப் புள்ளியைப் பற்றுக்கோடாகக் கொண்டு பொருத்திய கூட்டமைப்புகளிலெல்லாம் போல்ட்டுகள் இடம்பெயர்ந்து நிற்கும்.

திருத்தமே கூடாது என்பது இதன் பொருளன்று. மூலை வார்ப்பின் வரலாறே திருத்தத்தின் வரலாறுதான். அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டபோது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பெட்டி செய்துகொண்டிருந்தது. மெக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் வடிவமைத்த மூலைப் பொருத்தத்தின் காப்புரிமை பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட பின்னரே பொதுத் தரத்துக்கு வழி திறந்தது. அவ்வாறு 1960களின் நடுவில் ஏற்கப்பட்ட முதல் வடிவம் சோதனைகளில் போதிய வலுவற்றது என்று தெரியவந்ததால், அதைத் தடிப்பாக்கித் திருத்த வேண்டியதாயிற்று. பழைய வடிவத்தில் ஏற்கெனவே செய்யப்பட்ட பெட்டிகளின் மூலைகளை வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பற்றவைக்க நேர்ந்தது. பெட்டிகளின் வெளியளவுகளுக்கான தரமான ஐஎஸ்ஓ 668 முதன்முதலில் 1968இல் வெளிவந்தது. திருத்தம் நேர்ந்தது, அது பதிவாயிற்று, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லப்பட்டது. நூலகத்தில் பதிப்பு எண் இடுவதன் பயன் இதுவே: எந்தக் கூட்டமைப்பு எந்தப் பதிப்பின் உறுப்பைச் சுமந்து நிற்கிறது என்று உடனே காட்ட முடிந்தால்தான், எவற்றை மாற்ற வேண்டும் என்றும் உடனே சொல்ல முடியும்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விலக்குவது என்பது நூலகப் பொறுப்பாளருக்குக் கடினமான முடிவு. எம்6 முதல் எம்24 வரை மெட்ரிக் மரைகளில் முதல் தேர்வுக்குரியவை 6, 8, 10, 12, 16, 20, 24 என்னும் ஏழே அளவுகள். 14, 18, 22 ஆகியவை இரண்டாம் தேர்வாகவே பன்னாட்டுத் தரத்தில் இடம்பெற்றிருக்கின்றன. எம்14 நூலகத்தில் கண்ணில் படும்படி இருந்தால் யாராவது ஒருவர் அதை எடுப்பார். அந்த ஒரு போல்ட்டுக்காகக் கிடங்கில் ஒரு தட்டு, பெட்டியில் ஒரு ஸ்பேனர், துளையிட ஒரு துரப்பணம் எனச் சுமை கூடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் படையின் பொறியாளர் சார்ல் ரெனார், பலூன்களுக்குப் பயன்பட்ட கயிறுகளின் எண்ணற்ற அளவுகளைச் சமவிகிதத்தில் வளரும் ஒரு சிறு வரிசையாகக் குறைத்தார். 10, 16, 25, 40, 63, 100 என ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 1.6 மடங்கு உயரும் அந்த முறை இன்று ஐஎஸ்ஓ 3 என்னும் தரமாக நிற்கிறது. முத்து வணிகரின் சல்லடை வரிசை இவ்வளவு கணக்காக அமைந்ததன்று. எனினும் 20, 30, 50, 80 என ஒன்றரை மடங்குக்கு அருகிலேயே ஏறும் அதன் முதற்படிகளையும், ஐம்பது மடங்கு வேறுபாட்டைப் பத்தே படிகளில் அடக்கிய சிக்கனத்தையும் பார்க்கும்போது, பத்து போதும் என்று அறிந்த கைகள் அவற்றைச் செய்திருப்பது விளங்குகிறது.

நடைமுறையில் மறக்கக் கூடாத மற்றொன்று படத்தின் கனம். போல்ட்டின் மரையைச் சுருள்சுருளாக உண்மைபோல் வரைந்தால் பார்க்க நன்றாக இருக்கும்; ஆனால் ஆயிரக்கணக்கான போல்ட்டுகள் உள்ள ஒரு கிரேனின் கூட்டமைப்பில் அந்தச் சுருள்கள் கணினியை நகரவிடாமல் செய்துவிடும். ஆகையால் நல்ல நூலகங்களில் மரை வழவழப்பான உருளையாகவே வரையப்பட்டு, அதன் விவரம் பண்பாக மட்டும் எழுதிவைக்கப்படுகிறது. விற்பனை நிறுவனங்கள் இலவசமாக வழங்கும் கோப்புகளை அப்படியே நூலகத்தில் கொட்டுவதில் உள்ள இடர்களில் இதுவும் ஒன்று. அவற்றின் பெயரும் அலகும் ஆதிப்புள்ளியும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அவற்றைப் பிரித்துத் துப்புரவு செய்து, நூலகத்தின் முறைக்கு மாற்றிய பிறகே உள்ளே விட வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் இந்திய மருங்கில் முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடைபெறவில்லை. பித்தளைச் சல்லடைகளுக்கு அங்கே வேலை இல்லை. மாறாக, துறைமுகமும் மின்நிலையமும் உப்பு, உரத் தொழில்களும், 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் அந்தக் கரையில் எந்திரப் பணிகளின் தேவையை வளர்த்துவருகின்றன. இப்பணிகளைச் செய்யும் பட்டறைகளும் பாலிடெக்னிக் மாணவர்களும் விலையுயர்ந்த மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருளிலேயே அட்டவணையைக் கொண்டு உறுப்புகளை வருவிக்கலாம். ஐஎஸ் 1364 முதலிய இந்தியத் தரங்களை எதிரில் வைத்துக்கொண்டு, முதல் தேர்வுக்குரிய அந்த ஏழு அளவுகளில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் வாஷருக்கும் ஒவ்வோர் அட்டவணை எழுதி, பொருளையும் பூச்சையும் தரத்தின் பதிப்பாண்டையும் அவற்றோடு சேர்த்து, திருத்தும் உரிமையை ஒரே ஒருவரிடம் ஒப்படைத்து இந்த மாதமே தொடங்க வேண்டும்.